இஞ்சிக்கொத்தும் ஒரு சொல்லும்

ஜனவரி 11, சனி
மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் பொங்கல் களைகட்டிவிட்டது. கரும்பு, மஞ்சள்கொத்து, இஞ்சிக்கொத்து. மற்ற நாளில் 'ஆலே' என்று மராட்டியில் கேட்டு வாங்குகிறவள், இன்று வாய் நிறைய "இஞ்சி" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் சொல்கிறாள்: "ஜிஞ்சர் சமஸ்கிருதச் சொல்லும்மா. சிருங்கவேரம். சிருங்கம்னா கொம்பு, வேரம்னா உடம்பு. காலேஜ்ல சொன்னாங்க." எனக்கு மனசு ஆறவே இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு
சமையலை முடித்துவிட்டு இந்தச் சொல்லின் வழியைத் தேடி உட்கார்ந்தவள், விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஜிஞ்சருக்கு முன்னால் பழைய பிரெஞ்சு, அதற்கு முன் லத்தீனில் ஸிங்கிபெரி, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ். முதல் நூற்றாண்டில் ரோமாபுரி எழுத்தாளர் பிளினி விலையே எழுதிவைத்திருக்கிறார்: ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியஸ் (அவர்களுடைய வெள்ளிக்காசு), இஞ்சி 6. மிளகைவிட இஞ்சி உசத்தி! இஞ்சி என்பது மிளகுச் செடியின் வேர் என்று அங்கே சிலர் நம்பியதையும் மறுத்திருக்கிறார்.

இன்னும் பின்னால் போனால் பாலி மொழியில் 'சிங்கிவேர'. அங்கேயே நின்றுவிட்டேன். நம்முடைய வேர்! இஞ்சியும் வேரும் சேர்ந்த திராவிடச் சொல்தான் வடக்கே போனது, கொம்பு என்ற பொருள் பிறகு ஒட்டவைத்தது என்பதே மொழியியலாளர் பலரின் முடிவு.

அப்படியானால் அந்த முதல் சகரம்? தமிழில் சொல்லின் தலையில் இருந்த சகரம் பல இடங்களில் உதிர்ந்திருக்கிறது. நாம் எண்ணும் 'ஆறு', இன்னொரு திராவிட மொழியான கோண்டியில் 'சாருங்'. கோண்டி பேசுகிறவர்கள் இதே மகாராஷ்டிரத்தில், கட்சிரோலிப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் நிற்கும் சகரம் நம் வாயில் உதிர்ந்துவிட்டது. இஞ்சிக்கும் அதுவே நடந்திருக்கிறது.

ஜனவரி 13, திங்கள்
மகளிடம் எல்லாம் சொன்னேன். ஜெர்மன் படிக்கிறவள், கொஞ்சம் யோசித்து, "ஜெர்மன்ல இங்வர்மா" என்றாள். மறுபடி சொல்லச் சொன்னேன். பிரெஞ்சு வழியாகப் போன சொல், அங்கேயும் தலையெழுத்தை உதிர்த்துவிட்டு இஞ்சிவேர் பக்கத்தில் வந்து நிற்கிறது. தற்செயல்தான். இருந்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஜனவரி 14, பொங்கல்
பானைக் கழுத்தில் கட்டுவதற்காகக் கொத்தைக் கழுவினேன். நாம் தின்பது வேரே இல்லை, மண்ணுக்குள் படுத்திருக்கும் தண்டு. அதன் அடியில்தான் வெள்ளை நூலாக நாலைந்து வேர்கள், செம்மண்ணை விடாமல் பிடித்தபடி. வருஷா வருஷம் அதைக் கிள்ளிப் போட்டுவிடுவேன். இன்று வேரோடு கட்டினேன்.