மூன்றாவது முகடு

மெலமைன் என்ற வேதிப்பொருளை மூடியிட்ட மூசையில் (கடும் வெப்பம் தாங்கும் கிண்ணத்தில்) வைத்து 550 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் சுட்டால், கார்பன் நைட்ரைடு என்ற மஞ்சள் பொடி கிடைக்கும். நீரை ஒளியால் பிளக்கும் ஆய்வில் எனக்கு முதலில் தரப்பட்ட பொருள் அதுதான். ஹைட்ரஜன் உருவாவதைத் தூண்டும் பிளாட்டினத்தை அதன்மேல் படியவைப்பதற்காக, மெத்தனால் கலந்த நீரில் அதற்கு ஒளியூட்டுவோம். மெத்தனால் தானே ஆக்சிஜனேற்றம் அடைவதால் ஹைட்ரஜன் தாராளமாக வரும்; ஆனால் ஆக்சிஜன் வராத அந்த வினையை நீர்ப்பிளப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஒரு நாள் மெத்தனால் சேர்க்காமல், வெறும் நீரில் அப்பொடியைப் போட்டு விளக்கை ஏற்றினேன். மூன்றாம் மணி நேரத்தில் வாயுப் பகுப்பாய்வுக் கருவியின் திரையில் ஹைட்ரஜனும் அதையடுத்து ஆக்சிஜனும் முகடுகளாக எழுந்தன. கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. பாடநூலில் உள்ள விகிதம் கண்முன்னே வந்துவிட்டதால், கையெழுத்து நடுங்க அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற மூத்த ஆய்வாளர் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "மூணாவது பீக்கைப் பாத்தியாப்பா?"

மூன்றாவது முகடு நைட்ரஜன். நீரில் நைட்ரஜன் ஏது? அது ஆக்சிஜனைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது, அதாவது அறைக்காற்றில் இருக்கும் அதே விகிதம். மாதிரி எடுக்க ஊசியால் குத்திக் குத்திச் சல்லடையாகிவிட்ட ரப்பர் அடைப்பான் வழியே காற்று புகுந்திருந்தது. இரண்டுக்கு ஒன்று என்பது அந்த மணி நேரத்தில் தற்செயலாக அமைந்தது, அவ்வளவே. ஹைட்ரஜனாவது உண்மை என்று நினைத்தேன். பொடியை இன்னும் நான்கு முறை கழுவிச் சோதித்தபோது அதுவும் மறைந்தது: பிளாட்டினம் படியவைத்தபோது ஒட்டிக்கொண்ட மெத்தனாலின் மிச்சம்தான் அது.

தற்செயல் எல்லோரையும் இப்படி ஏமாற்றுவதில்லை என்பதைப் பின்னர் படித்தபோது சற்றுப் பொறாமையாகவே இருந்தது. ஜப்பானில் கசுனாரி டோமெனின் குழுவினர் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டை ஸ்ட்ரான்சியம் குளோரைடு உருகலில் சுட்டபோது, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூசையிலிருந்தே அலுமினியம் கசிந்து படிகத்துக்குள் சென்றது. எலக்ட்ரான்களைப் பிடித்து வீணாக்கும் குறைபாடுகளை அது குறைத்ததால் வினைத்திறன் பெருகியது. அந்தப் பொருளை மேலும் செம்மைப்படுத்தி, 350 முதல் 360 நானோமீட்டர் ஒளியில் 96 விழுக்காடு வரை குவாண்டம் திறனை, அதாவது விழும் ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்படும் பங்கை, 2020-இல் எட்டினார்கள். ஆயினும் அது புற ஊதா ஒளியை மட்டுமே உண்ணும் பொருள். ஆகவே 2021-இல் அவர்கள் வெளியிட்ட 100 சதுர மீட்டர் பலகை அமைப்பு, சூரிய ஆற்றலில் அதிகபட்சம் 0.76 விழுக்காட்டைத்தான் ஹைட்ரஜனாக மாற்றியது. இந்த இரண்டு எண்களில் முதலாவதை மட்டும் மேடையில் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

எந்த மூசையில் சுட்டோம் என்பதையும் இப்போது குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன். புதிய மாணவர் யாராவது ஆக்சிஜன் வந்துவிட்டது என்று ஓடிவந்தால், அவருடைய திரைக்குப் போகுமுன் ரப்பர் அடைப்பானை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.