மைக் செட் ஆம்பிளிஃபயருக்கு ஹீட் சிங்க் மாற்றிய அனுபவம்

மன்னார்குடி பக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர், சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் தன் பழைய ஆம்பிளிஃபயரைக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, ரெண்டு மணி நேரம் ஓடினா பாட்டு கரகரன்னு ஆயிடுது. அப்புறம் ஃப்யூஸ் போயிடுது. எத்தனை தடவைதான் டிரான்சிஸ்டர் மாத்துறது?"

திறந்து பார்த்தேன். அவுட்புட்டில் 2என்3055 ஜோடி. 1960-களில் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்த டிரான்சிஸ்டர், இன்றும் நம் ஊர் மைக் செட்டுகளில் உழைக்கிறது. குறை அதில் இல்லை. முன்பு சர்வீஸ் செய்தவர்கள் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்காகச் சின்ன, தட்டையான அலுமினியத் தகட்டில் அதை மாட்டி, நடுவில் கரண்டைத் தடுக்கும் மெல்லிய மைக்காத் தகட்டை வெறுமனே வைத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவாமல் முடுக்கியிருந்தார்கள்.

2என்3055 115 வாட் தாங்கும் என்று டேட்டா ஷீட்டில் பார்த்துவிட்டுப் பலரும் தைரியமாக இருந்துவிடுகிறார்கள். அது டிரான்சிஸ்டரின் உடம்பு 25 டிகிரியில் இருந்தால் மட்டும். உடம்பு 100 டிகிரிக்குப் போனால் தாங்குவது 66 வாட் அளவுக்கு இறங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் பந்தலுக்குள் ஓடும் ஆம்பிளிஃபயருக்கு 25 டிகிரி எங்கிருந்து கிடைக்கும்?

அதனால் முதலில் கணக்குப் போட்டேன். சுற்றுப்புறம் 40 டிகிரி, ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் 20 வாட் வெப்பம் விடுகிறது என்று வைத்துக்கொண்டேன். டிரான்சிஸ்டருக்கு உள்ளிருக்கும் சிலிக்கான் சில்லிலிருந்து உடம்புக்குச் சூடு வர, ஒவ்வொரு வாட்டுக்கும் 1.5 டிகிரி வித்தியாசம், பேஸ்ட் தடவிய மைக்காவுக்குச் சுமார் 0.5, துடுப்பு வைத்த நல்ல ஹீட் சிங்குக்கு 1.5. கூட்டினால் 3.5, இருபதால் பெருக்கினால் 70. ஆக சில்லு 110 டிகிரியில் நிற்கும். எல்லை 200 என்பதால் நிம்மதியான இடைவெளி. பழைய தகடு வாட்டுக்கு 6 டிகிரி, பேஸ்ட் இல்லாத மைக்கா 1 டிகிரி என்று வைத்தால் இதே கணக்கு 210-ல் போய் முட்டுகிறது. டிரான்சிஸ்டர் ஏன் திரும்பத் திரும்பப் போனது என்பதற்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தஞ்சாவூரில் துடுப்பு ஹீட் சிங்க் இரண்டு வாங்கிவந்து துளை போட்டேன். பொறுமை வேண்டிய இடம் இதுதான். துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறு கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் தட்டுப்படும். மைக்காவின் கனம் 0.05 மில்லிமீட்டர் அளவுதான். திருகை முடுக்கும்போது அந்தப் பிசிறு அதைக் குத்திக் கிழித்துவிடும். 2என்3055-ன் உலோக உடம்பே அதன் மூன்று இணைப்புகளில் ஒன்றான கலெக்டர், ஆகவே அது ஹீட் சிங்கைத் தொட்டால் சேஸிஸோடு (ஆம்பிளிஃபயரின் உலோகக் கூட்டோடு) ஷார்ட். பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றி ஒவ்வொரு துளையின் விளிம்பையும் இரு பக்கமும் மழித்தேன்.

அப்புறம் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, மைக்காவின் இரு முகத்திலும் வெள்ளைப் பேஸ்டை மெல்லிசாகத் தடவினேன். அலுமினியம் பேஸ்டை விட நூறு மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இரண்டு உலோகப் பரப்புக்கும் இடையில் இருக்கும் நுண்ணிய பள்ளங்களிலிருந்து காற்றை விரட்டத்தான் பேஸ்ட். அப்பி வைத்தால் அதுவே தடையாகிவிடும். திருகுகள் வழியாகக் கரண்ட் போகாமல் இருக்க நைலான் புஷ் போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரு திருகின் நட்டுக்கு அடியில் கலெக்டர் வயரைச் சேர்க்கும் உலோக வளையமான லக். உடம்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தேன், பீப் வரவில்லை. அதற்குப் பிறகுதான் வயர்களைச் சால்டர் செய்தேன். முதலில் சால்டர் செய்துவிட்டு முடுக்கினால் கால்கள் இழுபட்டு, உள்ளே இணைப்பு விட்டுப்போக வாய்ப்பு உண்டு.

டிரான்சிஸ்டரில் ஓடும் அடிப்படைக் கரண்டை நிலைநிறுத்தும் பயாஸ் டயோடையும் அதே ஹீட் சிங்கில் ஒட்டினேன். சூடு ஏற ஏற டிரான்சிஸ்டருக்குத் தேவைப்படும் பேஸ் மின்னழுத்தம் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் அளவில் குறையும். டயோடு அந்தச் சூட்டை உணராவிட்டால் கரண்ட் ஏறும், சூடு இன்னும் ஏறும், கடைசியில் ஃப்யூஸ். பழைய அமைப்பில் டயோடு போர்டிலேயே தனியாகக் கிடந்தது.

ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் டம்மி லோடு போட்டு ஒரு மாலை முழுக்க ஓட்டினேன். சூடு ஒரு மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றது. ஆறியதும் திருகுகளை இன்னொரு முறை முடுக்கினேன். பேஸ்ட் பரவிய பிறகு சற்றுத் தளர்வது வழக்கம்.

துடுப்புகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி பொருத்தியிருப்பதால் சூடான காற்று தானாக மேலே போகும், மேலே துணி போர்த்தக் கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன். "மரப்பெட்டிக்குள்ளதானே தம்பி வைக்கிறேன்?" என்று கேட்டார். பெட்டியின் அடியிலும் மேலேயும் துளை வேண்டும் என்று சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தேன். அன்றே தச்சரிடம் எடுத்துப் போனார்.