மூன்றாம் பீரியட் அல்ஜீப்ரா

என் மகள் கலிபோர்னியாவில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. எனக்குப் போன வாரம்தான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

கோடையில் வீடு மாறினோம். பள்ளி மாவட்டமும், அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமும், மாறியது. பாடத்தேர்வுப் படிவத்தில் ஆங்கிலம், உயிரியல், ஸ்பானிஷ், ஓவியம், உடற்கல்வி எல்லாம் பத்து நிமிட வேலை. கணிதத்தில்தான் மாட்டிக்கொண்டோம். எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்தவள், அடுத்தது ஜியாமெட்ரி. ஆனால் கால அட்டவணையில் மூன்றாம் பீரியட், அல்ஜீப்ரா 1.

அலுவலகத்தில் இருந்த அம்மையார், பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல் வரவில்லை என்றார். என் கையிலிருந்த நகலை நீட்டினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பள்ளியே நேரடியாக அனுப்ப வேண்டுமாம். அரை நாள் விடுப்புப் போட்டு நாற்பது நிமிடம் கார் ஓட்டிப் பழைய பள்ளிக்குப் போனால், கதவில் ஒரு தாள்: திங்கட்கிழமை திறப்போம்.

ஒருவழியாகப் பட்டியல் வந்தது. அதில் அல்ஜீப்ரா என்ற சொல்லே இல்லை, 'கணிதம் 8' என்று மட்டும் இருந்தது! இதை முன்பே கவனிக்காதது என் தப்பு. உங்கள் பிள்ளையின் பட்டியலில் பாடத்தின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

"திரும்பப் படித்தால் அடித்தளம் உறுதியாகும்" என்றார் ஆலோசகர், சிரித்த முகத்துடன். அப்படிப் படித்தால் பன்னிரண்டாம் வகுப்பில் கல்குலஸுக்கு முந்தைய பாடத்தோடு கணக்கு நின்றுவிடும் என்பதை அவர் சொல்லவில்லை.

வழி காட்டியவர் பக்கத்து வீட்டு அக்கா. ஒன்பதாம் வகுப்பில் யாரை எந்தக் கணித வகுப்பில் சேர்ப்பது என்பதற்கென்றே 2015-இல் இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஒரே ஓர் அளவுகோலை வைத்து முடிவு செய்யக் கூடாது. பள்ளி திறந்த முதல் மாதத்துக்குள் ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெற்றோர் ஆட்சேபிக்கவும் வழி இருக்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு நான்கே வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாளில் பதில். மதிய உணவு இடைவேளையில் ஒரு தேர்வு வைத்தார்கள். நான்காம் வாரம் ஜியாமெட்ரியில் உட்கார்ந்துவிட்டாள். ஓவிய வகுப்பின் பீரியட் மாறியதில் அவளுக்குக் கொஞ்சம் கோபம்.

இந்த அலைச்சலில் இன்னொன்றும் தெரிந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குக் கேட்கும் 15 பாடங்கள் ஏ முதல் ஜி வரை எழுத்திட்ட பிரிவுகளில் வரும்; ஒரு வகுப்பு அவற்றில் ஒன்றாகச் சேர வேண்டுமென்றால், அந்தப் பல்கலைக்கழகம் உங்கள் பள்ளிக்கென அங்கீகரித்த பட்டியலில் அது இருக்க வேண்டும். மகள் ஆசைப்பட்ட கணினி வகுப்பு அதில் இல்லை. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அந்தப் பல்கலைக்கழகத்தின் சராசரிக் கணக்கில் வராது என்று அலட்சியமாக விடவும் முடியாது. சி கிரேடுக்குக் கீழே போனால் அந்தப் பாடமே கணக்கில் சேராது. சில மாவட்டங்களில் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பை மொழிப் பாடமாக ஏற்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் நான் கேட்கவே மறந்துவிட்டேன்.

நேற்று அதே அம்மையாரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: அல்ஜீப்ரா புத்தகத்தை இன்னும் திருப்பித் தரவில்லையாம்.