விஷுவல் ஆப்டிக்ஸ் பேப்பர்: கார்னியாவிலிருந்து தொடங்குங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. தியரி, வைவா இரண்டும் கிளியர். எங்கள் பேட்ச்சில் நிறையப் பேரின் காலை வாரிய பேப்பர் இது. அதனால் அடுத்து எழுதப்போகிற ஜூனியர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அகாமடேஷனை, அதாவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஏற்பக் கண் ஃபோகஸை மாற்றிக்கொள்வதை, எல்லோரும் லென்ஸைச் சுற்றியுள்ள சிலியரி தசையிலிருந்து படிப்பார்கள். எனக்கு மனப்பாடம் வராது. ஏன் என்று தெரிந்தால்தான் நிற்கும். ஆகவே ஒரே கேள்வியை வைத்துக்கொண்டேன்: கிட்டத்தில் பார்க்கும்போது கார்னியா (கண்ணின் முன்னால் உள்ள ஒளிபுகும் படலம்) வளைகிறதா? இல்லை என்றால் என்ன ஆதாரம்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

குழப்பம் வருவது நியாயம்தான். கண்ணின் ஒளியியலைக் கணக்கிட்ட கல்ஸ்ட்ராண்டின் மாதிரிக் கண்ணில் மொத்தத் திறன் 58.64 டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறனின் அலகு), அதில் கார்னியா மட்டும் 43.05. இவ்வளவு பெரிய பங்கு இருந்தால் ஃபோகஸை மாற்றுவதும் அதுதான் என்று தோன்றும். கைமாறி வந்த ஜெராக்ஸ் நோட்ஸ் ஒன்றில் அப்படியே எழுதியிருந்தது. அதை நம்பி எழுதிய தோழிக்கு மார்க் போனது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

முதல் ஆதாரம் ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங், 1801. கண்ணுக்கு முன்னால் நீர் நிரப்பிய சிறு குழாயை வைத்தார். கார்னியாவின் ஒளிவிலகல் எண் 1.376, நீருக்கு 1.333, நீர் பட்டதும் கார்னியாவின் திறன் ஏறக்குறைய இல்லாமலே போகும். அந்த இழப்பைக் குழாயில் பொருத்திய லென்ஸ் ஈடுகட்டியது. அப்படியும் அவரால் ஃபோகஸை மாற்ற முடிந்தது. கார்னியாவைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்ட பிறகும் அகாமடேஷன் நடக்கிறது என்றால் வேலை செய்வது வேறு ஒன்று. லென்ஸ் நீக்கப்பட்டவர்களிடம் அது இல்லை என்பதையும் அவரே பார்த்தார்.

இரண்டாவதை நீங்களே பாருங்கள். லேபில் விளக்கை அணைத்துவிட்டுத் தோழியின் கண்ணுக்குப் பக்கவாட்டிலிருந்து பென்லைட் அடியுங்கள். பளிச்சென்று தெரிவது கார்னியாவின் பிம்பம். அதன் அருகே மங்கலாக, பெரிதாக இருப்பது லென்ஸின் முன்பரப்பு தரும் மூன்றாம் புர்க்கின்யே பிம்பம் (கண்ணின் பரப்புகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரியும் பிம்பங்களில் ஒன்று). தூரச் சுவரைப் பார்க்கச் சொல்லி, பிறகு அவள் கட்டைவிரலைப் பார்க்கச் சொல்லுங்கள். பளிச்சென்றது அளவு மாறாது. மங்கலானது சுருங்கி அதை நோக்கி நகரும். அதாவது கூடுதலாக வளைவது லென்ஸின் முன்பரப்பு, கார்னியா அல்ல. முதல் தடவை கண்ணில் படாமல் போகலாம், கோணத்தை மாற்றிப் பாருங்கள். வைவாவில் இதை நான் செய்து பார்த்ததாகச் சொன்னதும் எக்ஸாமினரின் முகமே மாறியது. அதற்குப் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் எளிது.

இப்போது கல்ஸ்ட்ராண்ட் அட்டவணைக்குப் போங்கள். ஓய்விலும் முழு அகாமடேஷனிலும் கார்னியா வரிசையில் அதே 43.05. லென்ஸ் 19.11-இலிருந்து 33.06 ஆகிறது, மொத்தம் 70.57. லென்ஸ் முன்பரப்பின் ஆரம் 10 மி.மீ.-இலிருந்து 5.33. இந்த எண்களைத் தேதிபோல் உருப்போட வேண்டாம். எந்த வரிசை அசையவில்லை என்று பார்த்தாலே மனதில் தங்கும்.

மற்றவை சுருக்கமாக:

- சிலியரி தசை சுருங்கினால் சோன்யூல்கள் (லென்ஸைத் தாங்கும் இழைகள்) தளரும், லென்ஸ் உப்பும். முன்பக்கமிருந்து வட்டமாகப் படம் போடுங்கள். பக்கவாட்டுப் படம் மட்டும் போட்டால், தசை சுருங்கினால் இழை இறுகும் என்றுதான் கை எழுதும்.
- வயதுக்கேற்ற அகாமடேஷன் அளவுக்கு (டயாப்டரில்) ஹாஃப்ஸ்டெட்டர் சூத்திரம்: சராசரிக்கு 18.5 − 0.3 × வயது, குறைந்தபட்சத்துக்கு 15 − 0.25 × வயது. இரண்டும் வேண்டும்.
- லேசிக் செய்தவருக்கு 45 வயதில் ஏன் ரீடிங் கண்ணாடி? சிகிச்சை நடந்தது கார்னியாவில், விறைத்துப்போனது லென்ஸ். வைவாவில் பிடித்தமான கேள்வி.
- கேள்வியில் 'மனிதக் கண்' என்று இருக்கிறதா பாருங்கள். கோழி, புறா போன்ற பறவைகளில் கார்னியாவும் உண்மையிலேயே வளையும், கிராம்ப்டன் தசையால். ஒப்பிட்டு எழுதச் சொன்னால் இதற்குத் தனி மார்க்.