கண்மாய்ச் சேற்றில் கரி

ஜூன் 14, 2025

காரங்காடு, ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை. இங்கே முன்பு எது வளர்ந்தது, எது எரிந்தது என்பதைச் சேற்றில் புதைந்த மகரந்தத்தையும் கரித்துகளையும் வைத்துத் தேடுகிறோம். நீர் வற்றும் நேரம் பார்த்து, அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களுக்கு நடுவே துளைக்குழாயை இறக்கினோம். வெளியே வந்தது கன்னங்கரிய சேறு, கூடவே குப்பென்று கந்தக நாற்றம். எனக்கு அந்த நாற்றம் பிடிக்கும். ஆக்சிஜன் உள்ளே போகவில்லை என்பதற்கு அது அடையாளம். அப்படிப்பட்ட சேற்றில்தான் மகரந்தம் நூற்றாண்டுகள் தாண்டியும் கெடாமல் கிடக்கும்.

குழாயின் நடுவில் வெளிர் மணல் பட்டை ஒன்று. கூட வந்த மாணவன் பார்த்தவுடன் "1964 தனுஷ்கோடிப் புயலா இருக்குமோ அக்கா?" என்றான். இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கடைசி நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ரேடியோகார்பன் காலக்கணிப்பும் சரியாகக் கைகொடுக்காது. அதற்குச் சேற்றில் படிந்திருக்கும் கதிரியக்க ஈயத்தை, ஈயம்-210-ஐ, பார்க்க வேண்டும். 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால் சமீப கால அடுக்குகளுக்கு அதுதான் பொருத்தம்.

படகோட்டி அண்ணன் கேட்டார்: "பழைய தீயைத் தேடுறீங்கன்னு சொல்றாக. இந்த ஈரக்காட்ல என்னைக்கும்மா தீப்பிடிச்சுச்சு?" சரியான கேள்வி. இந்தச் சேற்றில் கரித்துகள் இருந்தால், அது வேறெங்கோ எரிந்து, காற்றிலோ தண்ணீரிலோ வந்து சேர்ந்தது. எங்கே எரிந்தது, எது எரிந்தது என்பதுதான் எங்கள் வேலையே.

ஜூன் 17

ராமநாதபுரம் பெரிய கண்மாய். வெடித்துக் கிடக்கிறது. டிராக்டர்களில் வண்டல் போய்க்கொண்டிருக்கிறது. மேலடுக்கு கலைந்துபோன இடத்தில் குழாய் போட்டுப் பயனில்லை. அதற்காக விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். கண்மாயும் ஆழமாகும், வயலும் பிழைக்கும். மடை பார்க்கும் பெரியவர் ஒருவர், தனக்கு நினைவு தெரிந்து மண்வெட்டி படாத மூலை எது என்று காட்டினார். அங்கேதான் எடுத்தோம்.

நனைந்து காய்ந்து நனையும் மண்ணில் மகரந்தம் மக்கிவிடும், கரி மக்காது. ஆகவே இந்தக் குழாய் பெரும்பாலும் கரியைப் பற்றித்தான் பேசும். இது வைகைத் தண்ணீர் வந்து நிறையும் கண்மாய். மேற்கே மலையில் எரிந்ததன் துகள் வெள்ளத்தோடு இங்கே இறங்கியிருக்க வழி உண்டு. ஆனால் 1959-இல் வைகை அணை வந்தபிறகு மலை வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் எரிந்த புல்லின் கரி இங்கே கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 1800-களில் எரிந்தது கிடைக்கலாம்.

ஜூன் 22

இன்று குழாய் இல்லை. சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் பார்க்கப் போனேன். எங்கள் துறையில் சிலர் இதை நேர விரயம் என்பார்கள். எனக்கு இதைவிட முக்கியமான நாள் இந்தக் கள வேலையில் இல்லை.

சீமைக் கருவேலத்தின் கட்டையையும் தூரையும் நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈர மண்ணால் பூசி, ஓரத்தில் விட்ட வாயில் தீ வைக்கிறார்கள். உள்ளே விறகு கொழுந்துவிட்டு எரியக் கூடாது, புழுங்க வேண்டும். பூச்சில் எங்காவது வெடிப்பு விழுந்து காற்றுப் புகுந்தால் அத்தனை உழைப்பும் சாம்பல். அதனால் ராத்திரியெல்லாம் ஆள் காவல் இருக்கிறார்கள். மூட்டத்துக்காரப் பெரியம்மா புகையைக் காட்டிச் சொன்னார்: "வெள்ளையா வந்தா ஈரம் போகுதுன்னு அர்த்தம். நீலம் பாஞ்சா மூடிரணும் தாயி."

மூட்டம் பிரிக்கிற அன்றுதான் தூசி அதிகமாம். தென்மேற்குக் காற்றில் அது போய் விழும் திசையைக் கேட்டேன். பக்கத்து ஊருணியைக் கை காட்டினார்.

உலகம் முழுக்க இந்த ஆய்வில் ஒரு பொது விதி உண்டு: 125 மைக்ரானைவிட (மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு) பெரிய கரித்துகள் அதிகமாகக் கிடைத்தால் பக்கத்தில் எரிந்திருக்கிறது, மிகச் சிறியவை தூரத்திலிருந்தும் வரும். அப்படியே எடுத்துக்கொண்டால், நாளை இந்த ஊருணியில் குழாய் போடும் ஒருவர் மேலடுக்கைப் பார்த்து இங்கே ஓயாமல் காட்டுத்தீ என்று எழுதிவிடுவார். எரிந்தது காடு அல்ல, ஒரு ஊரின் பிழைப்பு. திரும்பும் வழியில் விடிலி ஒன்றில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசையில், பதநீர் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே எரிவது பனை மட்டையும் ஓலையும். அதுவும் கரிதான். அழகன்குளத்தில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே துறைமுகம் இருந்த கரை இது. அடுப்புத் தீக்கும் சூளைத் தீக்கும் அவ்வளவு வயது.

ஜூலை 9

ஆய்வகம். சேற்றை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்தால் மற்ற தாவரக் குப்பை வெளிறிவிடும், கரி கறுப்பாகவே நிற்கும். சலித்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

எண்ணிக்கையோடு வடிவத்தையும் குறிக்கிறேன். புல் எரிந்த கரி நீண்டு மெலிந்திருக்கும். மரக்கரி கட்டை குட்டையாக இருக்கும். மூட்டத்தையும் புல்தரைத் தீயையும் பிரிக்க இது முதல் படி. மகரந்தம் இரண்டாவது படி. குடைபோல் விரியும் நம்மூர் முள்மரமான உடைமரத்தின் மகரந்தம் பதினாறு மணிகள் ஒட்டிய கொத்தாக வரும். சீமைக் கருவேலத்தினுடையது தனித்தனி மணி. காரங்காட்டுக் குழாயில் அந்தத் தனி மணி எந்த ஆழத்தில் முதலில் தலைகாட்டுகிறதோ, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அந்த மரம் இங்கே வருவதற்கு முந்தைய காலம் என்று கொள்ளலாம்.

1993-இல் சூழலியலாளர் சுகுமாரும் கூட்டாளிகளும் நீலகிரிச் சதுப்பு மண்ணின் கார்பனைக் கொண்டே சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுக உச்சத்தில் அங்கே வறட்சிப் புல்வகைகள் மேலோங்கியிருந்ததைக் காட்டினார்கள். கடற்கரைக்கு அப்படி நீண்ட கதை எழுதுவது கடினம். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போதையதைவிட உயர்ந்திருந்தது, பிறகு பின்வாங்கியது. கரையே இடம் மாறிய ஊர் இது.

ஜூலை 28

சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அகற்றச் சொன்னது. எனக்கும் அந்த மரம் கண்மாய்க்குள் நிற்பதில் சம்மதமில்லை. அகற்றிய இடத்தில் எதை வைப்பது? அங்கேதான் பேச்சு நின்றுபோகிறது. வேகமாக வளரும் ஏதோ ஒன்றை நட்டு, அதற்கும் பசுமை என்று பெயர் வைக்கிறார்கள். இந்தக் கரையில் முன்பு உடைமரம் எவ்வளவு நின்றது, பனை எப்போது பெருகியது, உமரி என்ற உப்புச்செடி படர்ந்த உவர்நிலம் எதுவரை இருந்தது என்பதைச் சேறு ஓரளவுக்குச் சொல்லும். அதைக் கேட்காமல் நடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மூட்டம் போடுகிறவர்களுக்கு அப்புறம் என்ன வேலை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க, பெயர் தெரிந்த மரங்களை ஆய்வகத்தில் எரித்துக் கரி மாதிரிகள் சேர்க்கிறேன். பெரியம்மா ஒரு பை கரி கொடுத்தனுப்பியிருக்கிறார். பனை மட்டை, நாணல், இலந்தை வந்துவிட்டன. உடைமரம்தான் இன்னும் வரவில்லை. வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கம் பழைய உடைமரம் நிற்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உதிர்ந்த சுள்ளி கைப்பிடி அளவு போதும்.