விமானம் ஏறக் கூடாத கண்

06.10.2024, ஞாயிறு, துபாய்

நேற்று ராத்திரியிலிருந்து வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. கண்ணை அசைக்கும்போதெல்லாம் காதுப் பக்கமாக ஒரு வெள்ளைக் கீற்று. காலையில் கரும்புள்ளிகளும் சேர்ந்துகொண்டன.

மைனஸ் ஒன்பது பவர் கண்ணாடி போடுகிறவன் நான். அவ்வளவு பவர் இருந்தால் கண்ணே கொஞ்சம் நீளமாக இருக்கும், உள்ளே விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்துபோயிருக்கும், மின்னல் தெரிந்தால் நாள் கடத்தாதே என்று திருச்சியில் கண்ணாடி மாற்றும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கிளம்பிவிட்டேன். கம்பெனி போட்டுக்கொடுத்திருப்பது அடிப்படை இன்சூரன்ஸ். நேராக ஸ்பெஷலிஸ்டிடம் போக முடியாது, பொது டாக்டர் எழுதித் தர வேண்டும். கிசைஸில் இருக்கிற கிளினிக்கில் பாகிஸ்தானி டாக்டர் ஒருவர். நான் பாதி சொல்லும்போதே ‘அவசரம்’ என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன்.

07.10.2024, திங்கள்

எழுந்ததும் மூக்கோரமாகக் கீழே ஒரு சாம்பல் நிழல். தலையைத் திருப்பினாலும் கூடவே வருகிறது.

கண் டாக்டர் எகிப்துக்காரர். சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பா விரிந்ததும் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். விழித்திரையின் மேல்பக்கம் கிழிந்திருக்கிறதாம். அந்தக் கிழிசல் வழியாகத் திரவம் உள்ளே புகுந்து, சுவரிலிருந்து விழித்திரையைக் கழற்றிக்கொண்டே வருகிறது. பிம்பம் விழித்திரையில் தலைகீழாக விழுவதால், மேலே கழன்றால் நிழல் கீழே தெரியும். “மேக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, இன்னும் ஒட்டியிருக்கிறது. அது கழன்றால் வாசிக்கிற பார்வை பழையபடி திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது. நாளைக்கே செய்துவிடலாம்” என்றார். கம்ப்யூட்டரில் ஆட்டோகேடில் வரைபடக் கோடு போட்டுச் சம்பளம் வாங்குகிறவனிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. “சீக்கிரம் ஊருக்குப் போகிற திட்டம் இருக்கிறதா?”

இருக்கிறது. நவம்பர் 10, ஐப்பசி கடைசி ஞாயிறு, அறந்தாங்கியில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். ஒரே மாமன் நான்தான். திருச்சி ஃபிளைட்டுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

ஆபரேஷன் முடிவில் விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் கேஸ் நிரப்பலாம், இல்லை சிலிகான் ஆயில் நிரப்பலாம். ஆயில் என்றால் விமானம் ஏறத் தடையில்லை. ஆனால் அது தானாகக் கரையாது. வெளியே எடுக்க இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை பார்வையும் மங்கலாகத்தான் இருக்கும். கேஸ் என்றால் மெல்ல ரத்தத்தில் கரைந்து போய்விடும். அவர் வைக்கப்போவது பெர்ஃபுளூரோபுரொப்பேன். முழுதாகக் கரைய ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை விமானம் கூடவே கூடாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருக்கிற அளவுக்குக் குறையும். எட்டாயிரம் அடியில் தரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். கண்ணில் இருக்கும் கேஸ் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். விரிய இடம் ஏது? உள்ளே அழுத்தம் ஏறி, விழித்திரைக்குப் போகிற ரத்தமே நின்றுவிடும். வானத்திலேயே பார்வை போய்விடும் என்றார், குரலை உயர்த்தாமல்.

“உங்கள் கண்ணாக இருந்தால்?” என்று கேட்டேன். “கேஸ்” என்றார். சரி என்றேன்.

இன்சூரன்ஸ் அப்ரூவல் சாயங்காலம்தான் வந்தது. மத்தியானம் முழுக்க, எந்த ரிப்போர்ட்டை அனுப்பினாலும் அடுத்த ரிப்போர்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கவுண்டரில் இருந்த மலையாளிப் பெண் போனில் சண்டையே போட்டாள். “சேட்டா, நிங்ஙள் போயி சாயா குடிச்சிட்டு வா, இதை ஞான் நோக்கிக்கொள்ளாம்” என்று என்னை வேறு விரட்டினாள்.

09.10.2024, புதன்

நேற்று முடிந்தது. இதை நண்பன் ஷிஜுவிடம் சொல்லச் சொல்ல அவன் ஆங்கில எழுத்தில் டைப் செய்தான். பிறகு திருத்தி ஏற்றுகிறேன்.

மயக்க மருந்து இல்லை. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கச் செய்துவிட்டார்கள். அரை மில்லிமீட்டர் பருமனில் மூன்று துளை. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெட்டி உறிஞ்சுகிற கருவி. எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்தது. ஆரஞ்சு வெளிச்சத்துக்குள் ஒரு கறுப்புக் குச்சி போய்ப் போய் வந்தது. வலியில்லை. பயம் இருந்தது, ஆனால் ஓவியம் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

இப்போது தலை குனிந்தே இருக்க வேண்டும். கேஸ் மேலே மிதக்கிற சாமான். முகம் தரையைப் பார்த்தால்தான் அது கண்ணின் பின்சுவரில் அழுத்தும். மல்லாந்து படுத்தால் லென்ஸில் முட்டிப் புரை வந்துவிடும். சாப்பாடு, பேச்சு, தூக்கம், எல்லாம் குனிந்தபடிதான். கையில் பச்சை வளையம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். ‘கண்ணில் கேஸ் உள்ளது, விமானம் கூடாது, நைட்ரஸ் ஆக்சைடு மயக்க மருந்து கூடாது’ என்று அதில் அச்சடித்திருக்கிறது.

12.10.2024, சனி

எங்கள் அறையில் நான்கு பேர், இரண்டு அடுக்குக் கட்டில். மேல்தட்டு என்னுடையது. காதர் பாய் ஒரு வார்த்தை கேட்காமல் தன் கீழ்த்தட்டைக் காலிசெய்து, என் படுக்கையை இறக்கிவிட்டார். அவருக்கு அறுபது வயது. மேலே ஏறும்போது முட்டி சத்தம் போடுவது எனக்குக் கேட்கிறது. வேண்டாம் பாய் என்றால், “நீ தரையப் பாரு” என்கிறார்.

இரண்டு தலையணைக்கு நடுவே முகத்துக்கு இடம் விட்டுக் குப்புறப் படுக்கிறேன். கழுத்து செத்துப்போகிறது. கண்ணை விட எனக்குக் கழுத்தைப் பற்றித்தான் கவலை. ஒரு விசித்திரம்: அந்தக் கண்ணில் எட்டத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும்தான். ஆனால் ஓர் அங்குலத்துக்குள் கொண்டுவந்தால் பூதக்கண்ணாடி வைத்தது மாதிரி அத்தனை துல்லியம். தலையணை உறையின் ஊடும் பாவும், ஓர் இழையில் பிரிந்து நிற்கும் பஞ்சு, கட்டைவிரல் ரேகையில் ஒட்டியிருந்த உப்பு. நேரம் போகாத நேரத்தில் இதுதான் எனக்கு சினிமா.

ஊருக்குச் சொல்லிவிட்டேன். மனைவி அழுதாள், பிறகு மருந்துப் பெயர்களை எழுதிக்கொண்டாள். தங்கச்சி தேதியைத் தைக்குத் தள்ளிவிடலாம் என்றாள். அம்மாவுக்கு அது ஆகாது. “கொலசாமிக்குச் சொன்ன தேதிம்மா. கொட்டுக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு” என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

கப்பலில் போனால் என்ன என்று காதர் பாயிடம் கேட்டேன். அவர் வாப்பா பம்பாயிலிருந்து ‘துவாரகா’ கப்பலில் வந்தவர். 1982-ல் அந்த ஓட்டம் நின்றுபோனது. “இப்பம் கப்பல்ல போறது ஈச்சம்பழமும் கார் டயரும்தான் தம்பி” என்றார். பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். ஏதாவது ஆச்சு என்றால் நாலு மணி நேரத்தில் திருச்சி என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது. அந்த நாலு மணி நேரத்தை நம்பித்தான் இங்கே தூங்கியிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

19.10.2024, சனி

நிமிரச் சொல்லிவிட்டார்கள். பார்வையின் உச்சியில் மெல்லிய பட்டை ஒன்று தெளிந்திருக்கிறது. அதற்குக் கீழே கேஸ். நடுவே ஒரு கோடு, நடந்தால் தளும்புகிறது, தலையைச் சாய்த்தாலும் தரைக்கு நேர்மட்டமாகவே நிற்கிறது. சைட்டில் மேஸ்திரி கையில் இருக்கும் ரசமட்டத்தை யாரோ கண்ணுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள்.

31.10.2024, வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியல் இல்லை, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. ஷிஜு கராமா போய் அல்வாவும் மிக்சரும் வாங்கி வந்தான். கோடு பாதிக்கு இறங்கியிருக்கிறது.

சட்டப்படி நோய் விடுப்பில் முதல் 15 நாள்தான் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் அரைச் சம்பளம். ஆகவே மறுபடி வேலைக்குப் போகிறேன். ஒற்றைக் கண்ணில் ஸ்கிரீன் பார்த்தால் தூரம் பிடிபடவில்லை. டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறேன். ஆபீஸ் இருபத்திரண்டாவது மாடி. லிஃப்டில் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டதற்குச் சிரித்தார். அந்த உயரம் ஒன்றும் செய்யாதாம். ஆபீஸ் பையன்கள் அடுத்த வாரம் போகிற ஜெபல் ஜைஸ் மட்டும் கூடாது. மலை 1,934 மீட்டர்.

10.11.2024, ஞாயிறு

மீனா பஜாரில் வாங்கின கம்மலும் பட்டுப்பாவாடையும் போன வாரம் காதர் பாயின் மருமகன் கையில் போய்ச் சேர்ந்தன. மடிக்குச் சித்தப்பா மகன். அவனுக்கும் முறை இருக்கிறது என்று அம்மா எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

வீடியோ காலில் பார்த்தேன். சீர்வரிசைத் தட்டுகளைக் காட்டினார்கள், பாதி நேரம் பந்தலின் கூரைதான் தெரிந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தையின் வாய்க்குள் யாரோ வாழைப்பழத்தைத் திணித்தார்கள். முதல் காதுக்குச் சத்தமே இல்லை. இரண்டாவதுக்குப் பழத்தைத் துப்பிவிட்டுக் கத்தினாளே ஒரு கத்து, கொட்டுச் சத்தம் அடங்கிப்போனது. சித்தப்பா மகன் சட்டையெல்லாம் வாழைப்பழம். தங்கச்சி போனை வாங்கி, “பாத்தியாண்ணே? ஒன் சட்டையில ஆயிருக்க வேண்டியது” என்றாள். சிரித்தோம். அப்புறம் லைன் கட்டாகிவிட்டது.

29.11.2024, வெள்ளி

கோடு இப்போது வட்டமாகிவிட்டது. கீழே ஒரு கறுப்பு விளிம்புள்ள குமிழி உருண்டுகொண்டிருக்கிறது. குனிந்தால் நடுவுக்கு வருகிறது. வேகமாகத் தலையாட்டினால் இரண்டாகிறது, கொஞ்ச நேரத்தில் சேர்ந்துவிடுகிறது. பஸ்ஸில் இதைச் செய்துகொண்டிருந்தபோது பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

05.12.2024, வியாழன்

அமீரகத் தேசிய தின விடுமுறையில் குமிழி கடுகாகிக் காணாமல் போனது. நான் சொன்னதை டாக்டர் நம்பவில்லை, தானே பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறலாம் என்று எழுதினார். விழித்திரை ஒட்டியிருக்கிறது. கடைசிக்கு முந்தின வரி வரை வாசித்தேன், நேர்கோடுகள் கொஞ்சம் நெளிகின்றன, அது குறையலாம். இந்தக் கண்ணில் புரை சீக்கிரமே வரும், அப்போது அதற்கும் ஆபரேஷன். இடது கண்ணிலும் ஓரத்தில் மெலிந்த இடம் இருக்கிறதாம், கிழிவதற்கு முன் லேசர் வைத்துவிடலாம் என்கிறார்.

டிசம்பர் முழுக்க டிக்கெட் விலை கிட்டவே போக முடியவில்லை, பள்ளி விடுமுறை. பொங்கலுக்கு முந்தின வாரம் பார்த்துவைத்திருக்கிறேன். லேசருக்கு இன்சூரன்ஸ் அப்ரூவல் கேட்டிருக்கிறோம். இன்னும் ஒரு ரிப்போர்ட் வேண்டுமாம்.