கடலில் இறங்கும் கால்களுக்கு

பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்கவும் வலை இழுக்கவும் இறங்குகிறவர்கள் காலில் திருக்கை குத்தினால், சுண்ணாம்பு வைக்காதீர்கள். 43 முதல் 45 டிகிரி வெந்நீரில் காலை 30 முதல் 90 நிமிடம் வைத்திருங்கள். அந்த விஷம் சூட்டில் சிதையும் புரதம். வலி அதனால் இறங்குவதாகக் கருதப்படுகிறது. குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். வலி அடங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், எக்ஸ்ரேயும் டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் தேவைப்படும்.

பாறையோ சிப்பியோ கிழித்தால் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் 5 நிமிடம் கழுவுங்கள். சிவப்பு மணிக்கணக்கில் பரவினால், கருநீலக் கொப்புளம் எழும்பினால், காய்ச்சல் வந்தால், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். கடல்நீரில் உள்ள விப்ரியோ கிருமி, சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களின் உயிரையே பறிக்கக்கூடியது.

விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு ஈரம் துடைத்து, க்ளோட்ரிமசோல் களிம்பைத் தினம் 2 வேளை போடுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்தினால் திரும்ப வரும். மேலும் 2 வாரம் தொடருங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் கால் ஆணிக்குப் பிளேடோ, ஆணி பிளாஸ்திரியோ தொடவே கூடாது. அந்த பிளாஸ்திரியில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், மரத்த காலுக்கு அது தெரியாது. தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வலிக்காத புண்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. பாதத்துக்கென்று தனி டாக்டரைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள்.